‘ஒருத்திக்கு எதற்கு ஊஞ்சல்?’

வாசகி கேட்கிறார்:

“எனக்கு 38 வயது. விவாகரத்தாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை அண்ணன் வீட்டில் இருந்தேன். இப்போது கடன் வாங்கிக் குரோம்பேட்டையில் ஒரு பழைய அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் 610 சதுர அடி வீடு வாங்கியிருக்கிறேன். கட்டி 28 ஆண்டுகள் ஆன கட்டடம். கூடம் 10க்கு 15, படுக்கையறை 10க்கு 11, சிறிய சமையலறை, மேற்கு பார்த்த பால்கனி. தரை மொசைக். வீட்டு வேலைக்கென்று கையில் இருப்பது மூன்றரை லட்சம் ரூபாய். சமையலறைக்கு மட்டுமே 2 லட்சத்து 80 ஆயிரம் ஆகும் என்று ஒரு நிறுவனம் மதிப்பீடு கொடுத்திருக்கிறது. மொசைக்கின் மேல் டைல்ஸ் ஒட்டிவிடுங்கள் என்கிறார் வீட்டுத் தரகர். ஒருத்திக்கு எதற்கு இரட்டைக் கட்டில் என்கிறார் அண்ணி. ஒருத்திக்கு எதற்குக் கூடத்தில் சோபா என்று எனக்கே தோன்றுகிறது. மயில்கழுத்து நிறம் எனக்கு உயிர். சுவருக்கு அடித்தால் கண்ணை உறுத்துமா? அப்பா சீராகக் கொடுத்த இரும்பு பீரோவும், இருவர் பெயரும் வெட்டிய எவர்சில்வர் பாத்திரங்களும் மூட்டையாகக் கிடக்கின்றன. பாட்டியின் வெண்கலப் பானை ஒன்றும் இருக்கிறது. நானும் தனி, அம்மாவும் அப்பாவை இழந்தவர் என்பதால், அண்ணனும் அண்ணியும் பால் காய்ச்சட்டும் என்கிறார் பெரியம்மா. கடைசியாக ஒன்று, சிரிக்காதீர்கள். சிறு வயதிலிருந்து ஊஞ்சல் ஆசை. ஒருத்திக்கு எதற்கு ஊஞ்சல்?”

பதில்:

அன்புத் தோழிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அளவுகளுக்காக. இரண்டாம் முறை, ‘ஒருத்திக்கு எதற்கு’ என்பது எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவதற்காக. மூன்று தடவை வருகிறது. அண்ணி ஒரு முறை சொன்னார். மற்ற இரண்டு முறையும் நீங்களே சொல்லிக்கொண்டீர்கள். எனக்கு அதுதான் வருத்தமாக இருந்தது.

22 ஆண்டுகளாக வீடுகளின் உள்அலங்கார வேலை செய்கிறேன். தனியாக வாழும் பெண்கள் பலருக்கு வீடு அமைத்துக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் உண்டு. புது வீட்டுக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் கழித்து என்னை அழைத்தார். போய்ப் பார்த்தால் பாதிப் பெட்டிகள் கயிறு அவிழ்க்காமல் இருந்தன. ஒரே ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய். “யார் வரப் போகிறார்கள் என்று பிரிக்கவில்லை” என்றார். வீட்டில் ஓர் ஆள் ஏற்கெனவே வந்து வாழ்ந்துகொண்டிருப்பதை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. நீங்கள் அப்படி இருந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இதமாகச் சொல்வதற்காக அல்ல. வேலை முறைப்படியே அதுதான் முதலில் வர வேண்டும். ஊஞ்சல் வேண்டுமா வேண்டாமா என்பதை வயரிங்குக்கும் பெயிண்ட்டுக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். பெயிண்ட் அடித்த பிறகு கொக்கி போட்டால் மேற்கூரையைப் பாழாக்குவீர்கள். ஊஞ்சலுக்கு நேர் மேலே மின்விசிறியும் இருக்கக் கூடாது. விசிறியின் இடத்தை மாற்ற வேண்டுமானால் அதை வயரிங்கின்போதே செய்துவிட வேண்டும்.

வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கூடம் 15 அடி நீளம். நான்கடி நீளம், ஒன்றே முக்கால் அடி அகலம் உள்ள பலகை ஒன்று தாராளமாக ஆடும். முன்னும் பின்னும் சுவரோ சாமானோ இடிக்காமல் மும்மூன்று அடி விட்டால் போதும். பலகை தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும். நீங்கள் உயரம் குறைவானவராக இருந்தால் இன்னும் ஓர் அங்குலம் இறக்குங்கள். உட்காரும்போது பாதம் முழுவதும் தரையில் பதிய வேண்டும். உந்தி ஆடுவதற்கு அந்தப் பாதம்தானே துணை.

கொக்கி விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். விசிறிக் கொக்கியில் ஊஞ்சலை மாட்டலாம் என்று யாராவது சொன்னால் அவரை வேலைக்கு வைக்காதீர்கள். அந்தக் கொக்கி சில கிலோ எடையுள்ள விசிறிக்காகப் போட்டது. ஊஞ்சலில் பலகையின் எடை, ஆளின் எடை, ஆட்டத்தால் கூடும் இழுவை எல்லாம் சேர்கின்றன. மேற்கூரைத் தளத்தில் துளையிடுவதைவிட, அதைத் தாங்கும் கான்கிரீட் பீமில் மாட்டுவது நல்லது. அதிலும் பீமின் அடிப்பக்கத்தில் துளையிடக் கூடாது. பாரத்தைத் தாங்கும் முக்கியக் கம்பிகள் அங்கேதான் ஓடுகின்றன. பீமின் இரு பக்கங்களிலும் இரும்புப் பட்டை வைத்து, பக்கவாட்டில் நடு உயரத்தில் துளையிட்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு போல்ட் போட்டு இறுக்குவார்கள். அப்படி இரண்டு இடங்களில் போட்டால், ஒவ்வொன்றிலிருந்தும் சங்கிலி இரண்டாகப் பிரிந்து பலகையின் நான்கு மூலைகளைப் பிடிக்கும். 28 ஆண்டுக் கட்டடம் என்பதால் கட்டுமானப் பொறியாளர் ஒருவர் ஒருமுறை நேரில் வந்து பீமைத் தட்டிப் பார்க்கட்டும். விரிசலோ துருக்கறையோ தெரிந்தால் சங்கிலி வேண்டாம். தரையில் நிற்கும் சட்டத்தோடு வரும் ஊஞ்சலே போதும். அடுக்ககச் சங்கத்திடமும் சொல்லிவிடுங்கள்.

ஊஞ்சல் வந்துவிட்டால் சோபா கேள்வி தானாகவே தீர்ந்துபோகும். மூன்று பேர் இருக்கை, இரண்டு ஒற்றை இருக்கை என்று கடையில் ஒரு கட்டாகத் தருவதை 10 அடி அகலக் கூடத்தில் போட்டால் நடக்க வழி இருக்காது. ஊஞ்சலுக்கு எதிர்ச்சுவரில் ஆறடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் ஒரு திண்ணைப் பலகை செய்யச் சொல்லுங்கள். அடியில் இழுப்பறை இருக்கட்டும். மேலே மெல்லிய மெத்தை போட்டு பவானி ஜமுக்காளம் ஒன்றை விரியுங்கள். பகலில் நான்கு பேர் உட்காரலாம். அம்மா வந்தால் இரவில் படுத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள், தோழி. உட்கார இடம் இருக்கிற வீட்டுக்குத்தான் வருவார்கள்.

இப்போது பணம். மூன்றரை லட்சத்தில் பெரும்பங்கு சமையலறைக்கே போனால் மற்ற எதையும் தொட முடியாது. நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன்: வயரிங், குழாய், ஒழுகல் வேலைகளுக்கு 80 ஆயிரம். தரையைத் தேய்த்துப் பாலிஷ் போடுவதற்கும் பெயிண்ட்டுக்கும் 70 ஆயிரம். சமையலறைக்கு 90 ஆயிரம். கட்டில், மெத்தைக்கு 40 ஆயிரம். விசிறி, விளக்குகளுக்கு 25 ஆயிரம். மீதி 45 ஆயிரத்தை வங்கியில் போட்டுவிட்டு ஆறு மாதம் அதைத் தொடாதீர்கள். ஊஞ்சலும் திண்ணைப் பலகையும் அந்தப் பணத்தில்தான் வர வேண்டும். கொக்கியை மட்டும் இப்போதே போட்டு வைத்துவிடுங்கள். கூலியும் பொருள் விலையும் ஆளுக்கு ஆள் மாறும். எனவே ஒவ்வொரு வேலைக்கும் மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்குங்கள். வாய்ப்பேச்சாக வேண்டாம்; எந்தப் பொருள், எத்தனை சதுர அடி, எத்தனை நாள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தனியாக இருக்கும் பெண் என்று தெரிந்தால் விலையை ஏற்றிச் சொல்பவர்கள் உண்டு. எழுதிக் கேட்டதுமே பாதிப் பேர் இறங்கி வருவார்கள்.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு 80 ஆயிரமா என்று மலைக்க வேண்டாம். 28 ஆண்டு பழைய வயரிங்கில் இன்றைய ஏ.சி.யும் கீசரும் ஓடினால் சுவருக்குள்ளேயே வயர் சூடாகும். பழைய பீங்கான் ஃபியூஸ் இருந்தால் எடுத்துவிட்டு, மின்சுமை கூடினால் தானே அணையும் எம்.சி.பி. ஸ்விட்ச் போடுங்கள். அத்துடன் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் கட்டாயம் போடச் சொல்லுங்கள். ஈரக் கையோடு கீசரையோ வாஷிங் மெஷினையோ தொடும்போது மின்சாரம் கசிந்தால், கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிப்பது அதுதான். இதை நான் எல்லா வீட்டுக்கும் சொல்வேன். தனியாக இருப்பவருக்கு இரண்டு முறை சொல்வேன்; ஓடி வந்து மெயினை அணைக்க இன்னோர் ஆள் அங்கே இருக்க மாட்டார். படுக்கைக்கு அருகில் கூடத்து விளக்கைப் போடும் ஸ்விட்ச் ஒன்று வேண்டும். மாடிப்படிக்குப் போடுவார்களே, அதே இருவழி ஸ்விட்ச்தான். நள்ளிரவில் ஏதோ சத்தம் கேட்டால் எழுந்து இருட்டில் நடக்காமல், படுத்தபடியே வீட்டை வெளிச்சமாக்கிவிடலாம்.

வாசல் கதவின் பூட்டைக் குடியேறுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். பழைய சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று முந்தைய உரிமையாளருக்கே நினைவிருக்காது. கதவில் பார்வைத் துளையை உங்கள் கண் மட்டத்தில் போடச் சொல்லுங்கள். தச்சர் தன் உயரத்துக்குப் போட்டுவிட்டுப் போய்விடுவார், நீங்கள் ஒவ்வொரு முறையும் எக்கி நிற்க வேண்டியிருக்கும். மரக்கதவுக்கு வெளியே இரும்புக் கம்பிக் கதவும் இருந்தால், அதைப் பூட்டிக்கொண்டு மரக்கதவைத் திறந்துவைக்கலாம். மாலையில் கடற்காற்று வீசும் ஊரில் அது பெரிய வரம். பெயர்ப்பலகையில் உங்கள் பெயரையே போடுங்கள். பாதுகாப்புக்காக ஆண் பெயர் ஒன்றைப் போடச் சொல்வார்கள். அடுக்ககத்தில் யார் தனியாக இருக்கிறார்கள் என்பது ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அங்கே உங்களைக் காப்பது நல்ல பூட்டும், மாற்றுச் சாவி ஒன்றை நம்பிக் கொடுக்கக்கூடிய பக்கத்து வீட்டு அம்மாவும்தான்.

மொசைக்கின் மேல் டைல்ஸ் ஒட்ட வேண்டாம். தரகரின் யோசனையில் எனக்கு உடன்பாடே இல்லை. சலவைக்கல் சில்லுகளைச் சிமென்ட்டில் பதித்துத் தேய்த்த தரை அது. சித்திரை வெயிலில் வெறுங்காலோடு நடந்தால் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும். அதன் மேல் டைல்ஸ் ஒட்டினால் தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும். எல்லாக் கதவுகளின் அடியையும் இழைக்க வேண்டும். நிலைப்படிகளின் கணக்கும் மாறிவிடும். இன்று தரை மங்கிக் கிடப்பது அழுக்காலும் பழைய மெழுகாலும். பாலிஷ் போடுபவர் இயந்திரத்தோடு வந்து, முதலில் சொரசொரப்பான கல்லால் தேய்ப்பார். உள்ளே இருக்கும் சிறு குழிகள் அப்போதுதான் தெரியும். அதே நிறச் சிமென்ட்டால் அவற்றை நிரப்பி ஓரிரு நாள் காயவிட்டு, அதைவிட நைசான கற்களால் அடுத்தடுத்துத் தேய்த்து, கடைசியில் ஆக்ஸாலிக் பொடி போட்டு மெருகேற்றுவார். கறுப்பு, பழுப்பு, வெள்ளைச் சில்லுகள் ஒவ்வொன்றாக வெளியே வருவதை நீங்களே பக்கத்தில் இருந்து பாருங்கள். 28 ஆண்டுகளாக அடியில் இருந்த நிறம் அது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தேய்க்கும்போது கரைசல் சேறுபோல வழியும். அதைக் குளியலறைச் சாக்கடையில் தள்ள விடாதீர்கள். குழாய்க்குள் சிமென்ட்டாக இறுகிவிடும். வாளியில் அள்ளி வெளியே கொண்டுபோகச் சொல்லுங்கள். பாலிஷ் முடிந்த பிறகு பெயிண்ட்டின் கடைசிப் பூச்சை வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் அடித்தால் சேறு தெறித்து அடிச்சுவர் முழுக்கக் கறையாகும்.

சமையலறைக்கு வருகிறேன். உங்கள் உயரத்தை நீங்கள் எழுதவில்லை. எனக்கு வேண்டிய முதல் அளவே அதுதான். அந்த நிறுவனம் உங்களிடம் கேட்டதா? முழங்கையை மடக்கி நில்லுங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் ஐந்து அங்குலம் கழியுங்கள். நறுக்கவும் பிசையவும் மேடை அந்த உயரத்தில்தான் இருக்க வேண்டும். அடுப்பு இருக்கும் இடம் அதைவிட இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தால் இன்னும் நல்லது. அடுப்பும் அதன் மேல் குக்கரும் சேரும்போது உயரம் ஏறிவிடுமல்லவா? நான்கடி பதினோரு அங்குலப் பெண்ணுக்கு மேடை 32 அங்குலம் இருந்தால் சரியாக இருக்கும். பொதுவாகக் கட்டிவிடும் 34 அங்குலத்தில் அவர் தோளைத் தூக்கிக்கொண்டே கிளற வேண்டும். பல ஆண்டுகள் அப்படிக் கிளறிய பெண்களின் தோள்வலியை நான் பார்த்திருக்கிறேன். வீடு உங்களுடையது, சமைப்பதும் நீங்கள். மேடை உங்கள் முழங்கைக்குக் கட்டுப்படட்டும்.

மேடைக்குக் கீழே கடப்பா கல் தடுப்புகள் ஏற்கெனவே இருந்தால் அவற்றை இடிக்க வேண்டாம். கல்லைக் கரையான் அரிக்காது, தண்ணீரில் ஊறாது. முன்பக்கம் கதவுகள் மட்டும் போட்டு, அடுப்புக்குக் கீழே உள்ள ஒரு கட்டத்தில் மூன்று இழுப்பறைகள் வைத்தால் 90 ஆயிரத்துக்குள் அழகான சமையலறை வந்துவிடும். பிளைவுட் வாங்கும்போது ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். கொதிநீரையும் தாங்கும் ரகம் அது. ஐ.எஸ். 303 முத்திரையோடு வரும் சாதாரண ரகம் அலமாரிக்குச் சரி. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் அதைப் போட்டால் சீக்கிரம் உப்பிவிடும். கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயைப் புதிதாக வாங்கி, வாங்கிய தேதியை அதிலேயே எழுதிவையுங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

மயில்கழுத்து நிறம் கண்ணை உறுத்தாது. எந்தச் சுவரில் அடிக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஜன்னல் இருக்கும் சுவரில் அடர் நிறம் அடித்தால், வெளியே வெள்ளை வெயில், சுற்றிலும் இருண்ட நிறம் என்று கண் கூசும். மேற்கு ஜன்னலுக்கு நேரெதிர்ச் சுவரில் அடித்தால் மாலை வெயில் முழுவதும் அதன் மேல் விழுந்து நிறம் மாறித் தெரியும். பக்கவாட்டுச் சுவர்தான் அதற்கு இடம். படுக்கையறையில் கட்டிலின் தலைமாட்டுச் சுவர் வடக்கிலோ தெற்கிலோ இருந்தால் அதற்கு அடியுங்கள். மற்ற மூன்று சுவர்களும் மஞ்சள் கலந்த வெள்ளையாக இருக்கட்டும். நகக்கண் அளவு நிற அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிறிய டப்பா ஒன்று வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி சுவரில் அடித்து, காலை ஏழு மணிக்கும், நண்பகலிலும், மாலையிலும், இரவு விளக்கிலும் பாருங்கள். சுவரில் எங்காவது உப்பு பூத்துப் பொரிந்திருந்தால் பெயிண்ட் அதை மறைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் திரும்பவும் பொரியும். ஜன்னல் சன்ஷேடிலோ குளியலறைக் குழாயிலோ ஒழுகல் எங்கே என்று கண்டுபிடித்து அடைத்த பிறகே பெயிண்டரைக் கூப்பிடுங்கள்.

மேற்கு வெயிலை வீட்டுக்குள் திரை போட்டுத் தடுக்க முடியாது. கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட சூடு வந்ததுதான். பால்கனியின் வெளி விளிம்பில் மூங்கில் தட்டி கட்டுங்கள். கோடையில் அதன் மேல் தண்ணீர் தெளித்தால் காற்றும் குளிரும். அந்த வெயிலை விரும்புகிற மல்லிகையும் செம்பருத்தியும் இரண்டு தொட்டியில் வையுங்கள்.

விளக்கு வாங்கும்போது பெட்டியின் பக்கவாட்டில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். 6,500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. நம் வீடுகளில் எல்லா அறையிலும் எரிவது அதுதான். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 3,000 அல்லது 2,700 வாங்குங்கள். குத்துவிளக்கு எரியும் அறைபோல முகங்கள் தெளிவாகவும் இதமாகவும் தெரியும். சமையலறைக்கு மட்டும் 4,000. கீரையில் புழு தெரிய வேண்டுமே. விசிறிகளை பி.எல்.டி.சி. என்ற மின்சாரம் மிச்சமாகும் ரகத்தில் வாங்குங்கள். பழைய விசிறி 75 வாட் அளவுக்கு எடுத்தால், இது 30 வாட் சுற்றுவட்டாரத்தில்தான் எடுக்கும்.

கட்டில் விஷயத்தில் அண்ணியிடம் விவாதம் வேண்டாம். ஐந்தடிக்கு ஆறரை அடி வாங்குங்கள். அதற்கு முன் ஒரு சிறிய வேலை: பழைய செய்தித்தாள்களை ஒட்டி அதே அளவுக்கு வெட்டி, வெறும் அறையின் தரையில் விரியுங்கள். அதைச் சுற்றி நடங்கள். பீரோ கதவு இருக்கும் இடத்தில் நின்று கையை நீட்டிப் பாருங்கள். 10க்கு 11 அறையில் தாராளமாக இடம் மிஞ்சும். மூன்றடிக் கட்டில் என்பது விடுதியில் படுப்பதற்கு. நாள் முழுவதும் வேலை பார்த்து வந்து கையைக் காலை நீட்டிப் படுக்க, பக்கத்தில் புத்தகத்தையும் துவைத்து மடிக்காத துணியையும் போட்டுவைக்க, மழை நாளில் அண்ணன் பிள்ளைகள் வந்து உருள, ஐந்தடி வேண்டும். மெத்தையில் ஐந்து நிமிடம் படுத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். கோடையில் பத்தமடைப் பாய் ஒன்றை அதன் மேல் விரித்தால் முதுகு வேர்க்காது. விரிப்புகளுக்கும் திரைச்சீலைகளுக்கும் எழும்பூர் பாந்தியன் சாலைக்கு ஒரு நாள் போய்வாருங்கள். 1935ஆம் ஆண்டு தொடங்கிய கோ-ஆப்டெக்ஸின் பெரிய விற்பனை நிலையம் அங்கே இருக்கிறது. சென்னிமலைப் போர்வை ஒன்று கேட்டு வாங்குங்கள்.

இனி அந்த மூட்டை.

பாத்திரங்களைப் பற்றி எழுதும்போது உங்கள் கையெழுத்தே கொஞ்சம் மாறியிருக்கிறது. திருமணப் பாத்திரங்களில் பெயர் வெட்டுவது நம் வழக்கம். சின்ன இயந்திரத்தால் புள்ளி புள்ளியாக இரண்டு பெயர், கீழே தேதி. டம்ளரைக் கழுவும்போதெல்லாம் விரலில் அந்தப் புள்ளிகள் நெருடும். அவற்றைச் சமையலறையில் அடுக்கிவைத்துக்கொண்டு புது வாழ்க்கை தொடங்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போங்கள். எவர்சில்வரை எடைக்கு எடுத்துக்கொண்டு புதியது தருவார்கள். பழைய எவர்சில்வருக்குப் பெரிய விலை கிடைக்காது, இருந்தாலும் பரவாயில்லை. மூட்டையில் பித்தளையும் இருந்தால் அதற்கு நல்ல விலை உண்டு. அதை அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள், பாலிஷ் போடும் இடத்தில் தேய்த்தால் ஆழமில்லாத எழுத்துகள் மறைந்துவிடும். புதிதாக வாங்கும் பாத்திரங்களில் உங்கள் பெயரை மட்டும் வெட்டச் சொல்லுங்கள். எல்லாம் ஒன்றாக வாங்க வேண்டாம். ஆறு தட்டு, ஆறு டம்ளர், இரண்டு குக்கர், ஓர் அஞ்சறைப்பெட்டி. ஆறு என்பதை ஒன்றாகக் குறைக்காதீர்கள்.

பீரோ உங்கள் அப்பா கொடுத்தது. அதை விற்க வேண்டாம் என்று நினைக்கிறேன். கார்களுக்கு பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் கொடுங்கள். பழைய பெயிண்ட்டைச் சுரண்டி, துருவைத் தேய்த்து எடுத்து, புது நிறம் அடித்துத் தருவார்கள். சுவருக்கு மயில்கழுத்து நிறம் அடிக்கத் தயக்கமாக இருந்தால் பீரோவுக்கு அடித்துப் பாருங்கள். என் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் அப்படிச் செய்தோம்; அது பழைய பீரோ என்று சொந்த அக்காவுக்கே தெரியவில்லை. பட்டறைக்கு அனுப்புமுன் உள்ளறைப் பூட்டில் சாவி சுழல்கிறதா, கதவின் கீல் தொய்ந்திருக்கிறதா பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

பால் காய்ச்சும் விஷயத்தில் உங்கள் பெரியம்மா மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் வளர்ந்த காலத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார். ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது நீங்கள். மாதம் பிறந்தால் தவணை கட்டப் போவதும் நீங்கள். அந்த வீட்டின் அடுப்பில் முதல் பானையை ஏற்ற உங்களைவிட உரிமை உள்ளவர் யாரும் இல்லை. பக்கத்தில் உங்கள் அம்மா நிற்கட்டும். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவரின் கை பட்டால் எந்த வீடும் நிறையும். அண்ணனையும் அண்ணியையும் முன்கூட்டியே நேரில் போய் அழையுங்கள். மூன்று ஆண்டுகள் தங்க இடம் கொடுத்தவர்கள் அவர்கள். அண்ணியிடம், “வாசலில் கோலம் நீங்கள்தான் போட வேண்டும்” என்று கேளுங்கள். அண்ணன் குத்துவிளக்கில் ஒரு திரி ஏற்றட்டும். யாரையும் விலக்க வேண்டாம், நீங்களும் விலகி நிற்க வேண்டாம்.

பாட்டியின் வெண்கலப் பானையைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அதன் கழுத்தில் பாட்டியின் பெயர் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். அந்தத் தலைமுறைப் பானைகளில் பெரும்பாலும் இருக்கும். இருந்தால், வேறு பானை தேட வேண்டாம். புளியும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவி, பெயர் இருக்கும் பக்கம் உங்களைப் பார்த்தபடி அடுப்பில் வையுங்கள். வெண்கலம் கனமானது, சூடேற நேரம் எடுக்கும், ஏறிவிட்டால் சட்டென்று இறங்காது. முதலில் கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி அது சூடான பிறகு பாலை ஊற்றினால் அடிபிடிக்காது. தீயை மிதமாக வையுங்கள். பொங்கி வழிந்து பர்னரில் விழுந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, ஆறியதும் துடைத்துக்கொள்ளலாம்.

உங்கள் உயரம், தரையிலிருந்து பீம் வரை உள்ள உயரம், பீமின் அகலம் ஆகிய மூன்றையும் அங்குலத்தில் எழுதி அனுப்புங்கள். ஊஞ்சல் கொக்கிக்கான பட்டையை வரைந்து அனுப்புகிறேன். பொறியாளர் வரும்போது அவரிடம் காட்டுங்கள்.